மூச்சுவாசல்

காலை ஷிப்டுக்கு ஆலை வாசலில் வரிசை நின்றது. ஒவ்வொருவராகக் குழாயில் ஊதினார்கள். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால், "உணவருந்திவிட்டு வரவும்" என்று கொஞ்சலாக ஒரு பெண்குரல் சொல்லும்.

எங்கள் தெரு அஞ்சலை அக்காவுக்குச் சிவப்பு எரிந்தது. போன வாரமும் சிவப்புதான். இன்று உள்ளே போகாவிட்டால் வேலை அட்டை ரத்து.

"ராத்திரி சாப்பிடலையாக்கா?"

"பசங்களுக்கே பத்தல மணிமொழி. காலையில கேன்டீன்ல போடுவாங்கல்ல, பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

கேன்டீன் இருந்தது வாசலுக்கு உள்ளே.

அந்த மூச்சுவாசலைச் செய்தவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மூச்சைத் தாழ்ந்த அழுத்தத்தில் அடைத்துத் தொலை அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால், ஒவ்வொரு சிறு மூலக்கூறும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும். நீராவியின் தடித்த கோடுகளுக்கு இடையே அசிட்டோனைப் பிரித்தெடுப்பதிலேயே என் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் போனது. பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பை எரிக்கும். மூச்சில் அசிட்டோன் ஏறும். சர்க்கரை நோயாளிகளுக்கு உதவும் என்று செய்தேன். ஆலை அதை வாங்கி, என்னையும் வேலைக்கு வைத்துக்கொண்டது. பசித்தவர் இயந்திரத்தில் மயங்கி விழுந்தால் வழக்கு வருமாம். அதனால் பசித்தவருக்கு வேலை கிடையாது.

பின்னால் சத்தம். மேலாளர் வித்யாசாகருக்கும் சிவப்பு.

"என்னம்மா இது கூத்து? நேத்து ஏகாதசி, இன்னும் பாரணை முடிக்கல. உன் மெஷினுக்கு விரதம்னா தெரியாதா?"

"மூலக்கூறுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாது சார்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வாய் ஜாஸ்தி உனக்கு. முதல் கிரேடு அதிகாரிங்களுக்கு ஒரு விலக்கு எழுது. இப்பவே."

"அஞ்சலை அக்காவுக்கு?"

"அவங்க என்ன விரதமா இருக்காங்க? அது பட்டினிம்மா."

எத்தனை சாதாரணமாகச் சொன்னார்! நான் இயந்திரத்தைத் திறந்தேன். விரதத்துக்கும் பட்டினிக்கும் அது காட்டுவது ஒரே கோடுகள்தான். அது தேடும் மூலக்கூறுகளின் பட்டியலிலிருந்து அசிட்டோனையே அழித்தேன்.

அவர் ஊதினார். பச்சை. அக்கா ஊதினாள். பச்சை.

"ஏய், என்ன பண்ணி வச்ச?"

"விலக்கு கேட்டீங்க சார். எல்லாருக்கும் எழுதிட்டேன்."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் கேன்டீனுக்கு ஓடினாள்.

மாலைக்குள் என்னை வெளியே தள்ளினார்கள். மறுநாள் புதிதாக ஒருவன் வந்து அசிட்டோனைத் திரும்பச் சேர்த்தான், முதல் கிரேடு விலக்கோடு. அக்காவுக்குச் சிவப்பு எரிந்தது, அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அவனுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இருந்திருக்காது. என் ஆய்வேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தானாம். ஒவ்வொரு கோட்டையும் யாருக்கும் புரிகிற மாதிரி அதில் எழுதி வைத்திருக்கிறேன்.