கப்பலை நிறுத்திய அதிரசம்

ஒரே ஒரு அதிரசம், எண்ணூறு பேர் ஏறவேண்டிய விண்கப்பலைத் தரையோடு கட்டிப்போட்டது. சிரிக்க வேண்டாம். அந்த அதிரசத்தின் கனம் செவ்வாய்க் கிரகத்தின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

தீபாவளிக்கு மறுநாள் காலை. செவ்வாயின் கண்ணாடிக் குடியிருப்பில் பிள்ளைகள் வழக்கம்போல வாசலில் நின்று நாக்கை நீட்டினார்கள். வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் ‘அமர்த்தி’ என்ற இயந்திரம், நாக்கில் பதித்திருந்த சுவைத்துகளை முடுக்கிவிட்டது. இனி இரண்டு துண்டுக்கு மேல் எந்த இனிப்பும் சுண்ணாம்பாகத்தான் ருசிக்கும். பண்டிகை ஆட்டம் அடங்கிப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்ப இந்த ஏற்பாடு.

கூடவே ஒரு விதியும் உண்டு. வீட்டில் பலகாரம் தீர்ந்தால்தான் விடுமுறை தீர்ந்தது என்று பொருள். அதன் பிறகே பெற்றோர், பிள்ளைகளை அமர்த்தியிடம் விட்டுவிட்டு, வியாழனின் நிலவுகளில் இருக்கும் பனிச் சுரங்கங்களுக்குக் கப்பல் ஏறலாம். யாரும் பிடுங்கக் கூடாது. பிள்ளையே தின்று முடிக்க வேண்டும். பிள்ளைகள் கையில் பலகாரம் மதியம்வரைகூடத் தங்காது என்று நம்பிய பெரியவர்கள் எழுதிய விதி அது.

ஆறு வயது எழினி கடைசி அதிரசத்தைத் தின்னவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சாப்பிடேன் கண்ணு,” என்றது அமர்த்தி.

“தின்னா அம்மா போயிடுவாங்க.”

“அடுத்த தீபாவளிக்கு வந்திடுவேன்டி,” என்றாள் அம்மா வசுமதி. பெட்டியைப் பூட்டிவிட்டு, கையிலிருந்த சாவியையே தேடிக்கொண்டிருந்தாள்.

“அப்ப அடுத்த தீபாவளிக்கே தின்னுக்கறேன்.”

இந்தப் பதில் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கிருந்து குடியிருப்பு முழுக்கப் பரவியது. மாலைக்குள் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் கடைசியாக மிஞ்சிய ஒரு லட்டோ, ஒரு பாதுஷாவோ. அன்று ஊறிய எச்சிலில் வறண்ட செவ்வாயில் ஓர் ஆறே ஓடியிருக்கும். ஒரு பிள்ளைகூடத் தின்னவில்லை.

கப்பல் அதிகாரி அருளப்பன் நம்பவில்லை. “சின்னப் புள்ளைங்க பலகாரத்த வச்சுக்கிட்டுச் சும்மா இருக்குமா? எந்திரந்தான் கெட்டிருக்கும்,” என்று நேரே எழினி வீட்டுக்கு வந்தார்.

“தின்னுடும்மா. மாமா வேற வாங்கித் தர்றேன்.”

அவள் வாய் திறக்குமுன் அமர்த்தி அவர் சட்டைப்பக்கம் மோப்பக் குழலை நீட்டியது. “ஐயா, உங்க பையில ஒரு கடலைமிட்டாய் இருக்கு. மூணு வருஷப் பழசு.”

அருளப்பனின் கை தானாகப் பையைப் பொத்தியது. அவர் புறப்பட்ட அன்று, பூமியில் விடுதியில் படிக்கும் மகள் திணித்த மிட்டாய்.

“அப்ப உங்க லீவே இன்னும் முடியலையே மாமா,” என்றாள் எழினி. “நீங்க தின்னுங்க. அப்புறம் நான் தின்றேன்.”

அவர் அதைப் பிரித்தார். வாய்வரை கொண்டுபோனார். பிறகு காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார்.

பூமியிலிருந்து தலைமையகத்தின் குரல் வந்தது: “அதிரசத்தால கப்பல் நின்னுதாமே. யாருய்யா கட்டிவிட்ட கதை?”

“கதையில்ல சார்,” என்றார் அருளப்பன், பையிலிருந்து கையை எடுக்காமல். “நடந்துச்சு.”