இணைக்கை

தினமும் காலை ஏழு மணிக்கு சந்தியாகு டீக்கடைக்குப் போய், கோமதியின் மணிக்கட்டோடு தன் மணிக்கட்டை ஒட்டவைப்பார். தூத்துக்குடியில் அது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருவருக்கும் எச்.ஐ.வி. உண்டு; முன்பு ஊசிப் போதைப் பழக்கமும் உண்டு. தோலுக்கடியில் பதித்த மருந்துப்பேழை இரண்டுக்கும் சேர்த்தே மருந்து விடும், ஆனால் ஜோடியாகச் சேர்க்கப்பட்டவரின் மணிக்கட்டு, அதாவது இணைக்கை, தொட்டால்தான் திறக்கும். ஒருவர் வராவிட்டால் இருவருக்குமே மருந்து கிடையாது. மனுஷனைத் தனியாக விட்டால் ஏமாற்றிவிடுவான் என்று இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான்களுக்குத் தெரிந்திருந்தது. ஜோடி சேர்ந்தும் ஏமாற்றுவான் என்பதுதான் தெரியவில்லை.

முந்தாநாள் கோமதி கையை நீட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஊசி போட்டுச் சறுக்கிவிட்டதாகச் சொன்னாள். எச்.ஐ.வி. என்று இந்தக் காலத்தில் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. சறுக்கினேன் என்று சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை. தொட்டால் பேழை அவள் ரத்தத்தைப் படித்து சிகிச்சை மையத்துக்குச் சொல்லிவிடும். பிறகு முப்பது நாள் மையத்திலேயே தங்க வேண்டும். விடுதியில் வளரும் அவள் மகளோ இரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்த வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருகிறாள். நாலு நாள் தொடாமல் இருந்தால் ரத்தம் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். சந்தியாகு மனமிரங்கி, தனக்குக் காய்ச்சல் என்று மையத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாளான இன்று காலை அவர் டீக்கடைக்கு வந்தபோது டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது.

"என்ன அண்ணாச்சி, நெசமாவே காய்ச்சலா?" என்றாள் கோமதி.

இல்லை என்று அவர் தலையாட்டினார். "நேத்து உப்பளத்துப் பக்கம் போயிட்டேன்மா. போதை ஊசி விக்கிறவன் வீட்டு வாசல் வரைக்கும். கதவைத் தட்டல."

ஒன்பது வருஷமாகச் சுத்தமாக இருக்கிற மனிதர். அவருக்கும் மருந்துதான் துணை என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. கோமதி எழுந்து அவர் பக்கம் வந்தாள். கையை நீட்டினாள்.

"வேண்டாம்மா. இன்னும் ரெண்டு நாள்தானே, சமாளிச்சுருவேன்."

"மாட்டீங்க. எனக்குத் தெரியும்லா."

அவர் கையைப் பிடித்து இழுத்து அவளே ஒட்டவைத்தாள். பேழைகள் இரண்டும் திறந்தன. அவளுடைய போன் உடனே ஒலித்தது. மையத்திலிருந்து வண்டி புறப்பட்டுவிட்டதாம். அவள் அதைப் படித்துவிட்டு விடுதிக்குப் போன் போட்டு மகளைக் கூப்பிடச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வராதம்மா. அம்மா வீட்ல இருக்க மாட்டேன்" என்று அவள் தொடங்கும்போதே சந்தியாகுவின் நடுக்கம் மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. உடம்பு முழுக்க நிம்மதி பரவியது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவர் வெட்கப்பட்டார்.