எறிக்காவின் மூன்றாவது பதில்

பந்து பறந்தது. தென்னைக்கு மேலால் போய் வாவியில் 'டொப்' என்று விழுந்தது.

அடித்தவன் நிதுர்ஷன். பந்து போட்டவள் எறிக்கா. விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவன் றிஷாட். பந்து அவன் 'நானா' என்று கூப்பிடும் அண்ணனுடையது. கேட்காமல் எடுத்து வந்தது!

பந்துக்குப் பக்கத்தில் கறுப்பாக, நீளமாக இன்னொன்றும் மிதந்தது.

"முதலை!" என்றான் றிஷாட்.

"மரக்கட்டை," என்றான் நிதுர்ஷன்.

காலையில் ரியூஷன் வகுப்பிலும் இருவரும் இப்படித்தான். கடவுள் இருக்கிறாரா என்று பேச்சு வந்தது. "ஓம்," என்றான் றிஷாட். "இல்லை. நான் நாத்திகன்," என்று காலரைத் தூக்கிவிட்டான் நிதுர்ஷன்.

"எனக்குத் தெரியாது," என்றாள் எறிக்கா.

"அப்ப நீயும் என்ட பக்கம்தான். தெரியாது எண்டா இல்லை எண்டுதானே!" என்றான் நிதுர்ஷன்.

"இல்லை! அது வேற, இது வேற."

"பாத்தீங்களா, 'இல்லை' எண்டு சொல்லிட்டாள்!"

வகுப்பே சிரித்தது. எறிக்காவின் காது சிவந்தது. 'இவனுக்கு இதை விளங்க வைக்காமல் விடமாட்டேன்' என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

இப்போது நிதுர்ஷன் செருப்பைக் கழற்றினான்.

"டேய், இறங்காத! முதலைதான்," என்று றிஷாட் பையை மாட்டினான். "வாங்க போவம். நானாட்ட நான் ஏச்சு வாங்குறன்." சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான்.

"எறிக்கா, நீ சொல்லு. அது முதலையா?" என்றான் நிதுர்ஷன்.

"தெரியாது."

"அப்ப முதலை இல்லை!" அவன் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தான்.

எறிக்கா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

"முதலை இல்லை எண்டா நீ இறங்கலாம். தெரியாது எண்டா இறங்க ஏலாது! ரெண்டும் ஒண்டா?"

நிதுர்ஷன் எழுந்து செருப்பை மாட்டினான்.

"நான் சொன்னன்தானே!" றிஷாட் துள்ளினான்.

"நீ சொன்னது முதலை எண்டு. நான் அதையும் சொல்லல்ல. ஓடாம நில்லு. பந்தை எடுக்கோணும்."

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த நல்லரத்தினத்திடம் எறிக்கா ஓடினாள். "மாமா, உங்கட இறால் அத்தாங்கைத் தருவீங்களா?"

"கொண்டு போ மகள். தண்ணிக்க மட்டும் இறங்கிப்போடாத."

அத்தாங்கு என்ற அந்தக் கைவலையை நீளமான கம்பில் கட்டினாள். கரையில் ஏற்றியிருந்த தோணியில் ஏறி நின்று நீட்டினாள். எட்டவில்லை. இன்னொரு கம்பைச் சேர்த்துக் கட்டினாள். பந்து நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். பையன்கள் இருவரும் கம்பின் அடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

பந்து வலைக்குள் வந்தது!

நிமிர்ந்து பார்த்தால், அந்தக் கறுப்புப் பொருளைக் காணவில்லை.

"முதலை தண்ணிக்க தாண்டுட்டுது!"

"கட்டை இழுபட்டுப் போயிட்டுது!"

இருவரும் எறிக்காவைப் பார்த்தார்கள்.

"ஓம், ஓம், உனக்குத் தெரியாது," என்று நிதுர்ஷனே முந்திக்கொண்டான். இந்த முறை அவளைத் தன் பக்கம் இழுக்கவில்லை. சேற்றைத் துடைத்தபடி சிரித்தான். "மறுகா, அடுத்ததா கடவுளுக்கும் அத்தாங்கு நீட்டிப் பாப்பமா?"

"பாக்கலாம்," என்றாள் எறிக்கா, பந்தைத் துடைத்துக்கொண்டு. "எவ்வளவு நீளக் கம்பு வேணுமெண்டுதான் தெரியாது!"