அம்மாவின் ஹெட்போன்

மொட்டைமாடிச் சுவரில் டிஷ் இன்னும் இருந்தது. கேபிளைப் பாதியில் வெட்டிவிட்டிருந்தார்கள். வெட்டிய முனை காற்றில் ஆடிச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. டிஷ் பழைய திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா கீழே நின்று அதைப் பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

அம்மா இறந்த அன்று வந்தவள் மறுநாளே திரும்பிவிட்டாள். மகளுக்குப் பரீட்சை. இப்போது ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்திருக்கிறாள். அம்மாவின் புடவைகளைப் பிரிக்க வேண்டும். அம்மாவின் கட்டிலில் படுக்க வேண்டும்.

"தூக்கத்துலயே போயிட்டாங்கக்கா. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை மாதமும் தூங்கினாள். படுக்கையில் விழுந்த அம்மாவை அவள் வந்து பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அம்மா தனியாகப் போகவில்லை. அது போதும்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. இளைச்சுட்டீங்க."

"நீதான் இளைச்சிருக்க. தூங்குறியா இல்லையா?"

அவள் சிரித்தாள். பையை வாங்கிக்கொண்டாள்.

ஹால் மூலையில் தம்பி காதில் மாட்டிய ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினான். தொலைபேசியில் புகார் கேட்பது அவன் வேலை. வீட்டிலிருந்தே செய்தான். ஊர் பேர் தெரியாதவர்கள் கூப்பிடுவார்கள். மணி அடித்து ஓய்வதற்குள் எடுத்தாக வேண்டும்.

"ஹால்ல படுத்துக்கலாம் அண்ணி. இங்கதான் காத்து நல்லா வரும்."

"அம்மா ரூம் எதுக்கு இருக்கு?"

தம்பி மனைவி கணவனின் முதுகைப் பார்த்தாள்.

"அங்க பூச்சி மருந்து அடிச்சிருக்கு."

"எப்ப?"

"போன வாரம்."

"போன வாரம் அடிச்ச மருந்துல பூச்சியே செத்திருக்காது. நான் சாகப்போறேனா? தள்ளு."

அறையில் மருந்து வாசனை இல்லை. காயாத துணியின் வாசனை இருந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கைக்கெட்டும் தூரத்தில். பகலிலும் விளக்குப் போட வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் டிவி. அதன்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஸ்டூல். ஸ்டூலின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர், விளிம்புவரை.

ஜன்னல் விளிம்பில் இன்னொரு டம்ளர். டிவிக்குப் பக்கத்தில் மற்றொன்று.

"இது எதுக்கு?"

"சும்மாதான் அண்ணி. தினம் மாத்தி வைப்பேன்."

அக்கா அந்த டம்ளரின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். பெற்ற மகளுக்குத் தோன்றவில்லை, வந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"நீ நல்லா இருப்பம்மா" என்றாள்.

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

சாப்பிடும்போது அக்காதான் அம்மா பேச்சை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தம்பி மனைவியும் இளகினாள்.

"அத்தைக்கு அந்தப் பக்கவாதம் வந்ததுக்கப்புறம் குரல் எங்க அண்ணி வந்துச்சு? வெறும் காத்துதான். அதனால கூப்பிட மாட்டாங்க. டிவி சத்தத்தை ஏத்துவாங்க. செய்தி படிக்கிறவ கத்துவா, தெருவே கேக்கும். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பாத்து, 'உன் மாமியார் கூப்பிடுறாங்க, சீக்கிரம் போம்மா, என் காது கிழியுது'ம்பாரு."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இது அவளுக்குத் தெரியாது.

"அதுலயும் கணக்கு இருக்கு அண்ணி. தண்ணின்னா ஒரு தடவை ஏத்தி எறக்குவாங்க. ஆள் வேணும்னா எறக்கவே மாட்டாங்க. போய் முன்னாடி நிக்கிற வரைக்கும்."

"அப்புறம்?"

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் பெட்டி வந்துச்சு" என்றான்.

பெட்டியை வாங்கச் சொன்னது அக்காதான். 'இன்னும் டிஷ்ஷையே கட்டிட்டு அழறீங்களே' என்று கேலி செய்து, இணையத்தில் படம் வரும் பெட்டியைத் தன் கணக்கிலேயே அனுப்பிவைத்தாள். ஒரே கணக்கு, இரண்டு வீடு. அம்மாவுக்கென்று தனிப் பக்கம் திறந்து, 'அம்மா' என்று பெயரும் போட்டாள். அதை மாட்ட வந்தவன், "இனிமே மழை பெஞ்சாலும் படம் உடையாது பாட்டி" என்றானாம். "அப்ப மழை பெய்யிறது எனக்கு எப்படித் தெரியும்?" என்று அம்மா கேட்டாளாம். அக்கா இதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பிறகு ஒருநாள் தம்பி போனில் புலம்பினான். டிவி சத்தம் புகார் சொல்கிறவர்கள் காதுவரை போகிறது, மேலதிகாரி திட்டுகிறார் என்று. அன்றைக்கே அவள் அம்மாவுக்கு ஒரு ஹெட்போன் அனுப்பினாள். கம்பி இல்லாதது. காதுக்கு மெத்தென்று இருப்பது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

ஏதோ ஒன்று புரியத் தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை. எழுந்து கை கழுவினாள்.

பிற்பகலில் தம்பி மறுபடி வேலையில் உட்கார்ந்தான். தம்பி மனைவி கடைக்குப் போனாள். அக்கா அம்மாவின் கட்டிலில் படுத்திருந்தாள். மேலே எங்கேயோ அந்தக் கேபிள் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.

போர்த்தியிருந்த பெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து அதை இழுத்தாள்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சீரியல். மாமியார் ஒருத்தி அழுகிறாள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தலையணைக்கடியிலிருந்து ரிமோட்டை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். எண்களே இல்லாத சின்ன ரிமோட். நடுவில் ஒரு வட்டம். அதற்குமேல் மைக் படம் போட்ட பொத்தான். அவள் எதையும் அமுக்கவில்லை.

திரையின் ஓரத்தில் சத்த அளவைக் காட்டும் ஒலிப்பட்டை தோன்றியது.

மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது.

மறுபடி ஏறியது. இறங்கியது.

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

திரையின் மூலையில் சிறிய எழுத்து: 'ஹெட்போன் இணைக்கப்பட்டுள்ளது.' கட்டில் கம்பியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. மெத்தென்ற அந்த இரண்டு வளையங்களுக்குள்ளிருந்து ஏதோ இரைந்தது, மூடிய டப்பாவுக்குள் வண்டு போல. அவள் அதை எடுத்தாள். வளையங்கள் சூடாக இருந்தன, யாரோ இப்போதுதான் கழற்றிவைத்ததைப் போல.

கீழே போட்டுவிட்டாள்.

சீரியல் நின்றது. திரையில் தேடும் கட்டம் திறந்தது. ரிமோட் கட்டிலின்மேல் கிடந்தது. அதில் மைக் பொத்தான் உள்ளே போய் வெளியே வந்தது.

கட்டத்தில் ஒரு சொல் விழுந்தது.

'தண்ணி.'

கீழே படங்கள் வந்தன. அருவி. கிணறு. மீன் தொட்டி. கடலைக் காட்டும் படம். எல்லாம் தண்ணீர்.

'தம்பி தண்ணி.'

இன்னும் அருவிகள்.

'யாராவது வாங்க.'

அதற்குப் பொருத்தமாக எதுவும் இல்லை என்றது பெட்டி.

ஒலிப்பட்டை ஏறத் தொடங்கியது. இம்முறை இறங்கவில்லை. முட்டும்வரை ஏறி, முட்டிய பிறகும் மேலே போக முயல்வதைப் போல நடுங்கிக்கொண்டே நின்றது.

அக்கா கட்டிலின் முன்னால் போய் நின்றாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

"இதோ வந்துட்டேம்மா."

பட்டை இறங்கியது. முழுவதும் இறங்கியது. திரை கறுத்தது.

கட்டிலில் தலையணை மெல்ல அமுங்கியது.

திரும்பிப் பார்த்தாள். கதவருகே தம்பி நின்றிருந்தான். கழுத்தில் ஹெட்செட். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"நீ பக்கத்துல இருந்தேன்னு சொன்ன" என்றாள் அவள். குரல் எழவில்லை.

"ஹால்ல இருந்தேன்."

"ஹால்ல."

"கால்ல இருந்தேன்க்கா. மத்தியானம் பூரா விடாம போன் வந்துச்சு. வீடு அமைதியாத்தான் இருந்துச்சு. அமைதியா இருக்குன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு." அவன் கதவு நிலையைச் சுரண்டினான். "சாயந்தரம் இவ காபி கொண்டு போனா. கத்துனா. போய்ப் பாத்தேன். ஸ்கிரீன் பூரா அருவிக்கா."

அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். டம்ளரில் தண்ணீர் ஆடியது.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றான். "எண்ணு இல்லாம அம்மா தடுமாறினாங்கல்ல. இந்தப் பொத்தானை அமுக்கி வாய்கிட்ட வெச்சு என்ன வேணுமோ கேளும்மா, எல்லாம் வரும்னு சொன்னேன். நம்பிட்டாங்க."

"ஹெட்போனை அனுப்பினது நான்."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. தரையைப் பார்த்தான்.

"பெட்டியைக் கழட்டிப் போடலாம்ல?"

"போட்டேன். ஹால் டிவில வந்துச்சு. அதையும் நிறுத்தினேன். என் போன்ல வந்துச்சு. டிஷ்னா செவுத்துல அடிச்சது, பிடுங்கினா போச்சு. இது அப்படியா? இந்த ரூமோட இருக்கட்டும்னு திரும்பக் கொண்டுவந்து மாட்டிட்டேன்."

"கணக்கை மூடச் சொல்லியிருக்கலாமே?"

"உன் கணக்குக்கா." அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். "ஏன்னு கேப்பியே."

ஹாலில் மணி அடித்தது. அவன் உடம்பு தானாகத் திரும்பியது. திரும்பியதை உணர்ந்து நின்றான். மணி அடித்து ஓய்ந்தது.

"தண்ணி வெச்சும் நிக்கலையா?" என்றாள்.

"நிக்கல. தண்ணிக்கு இல்ல போல."

அன்றைக்கு அவள் ஹாலில்தான் படுத்தாள். மறுநாள் காலையில் மகளுக்குக் காய்ச்சல் என்றாள். யாரும் அவளிடம் போன் வந்ததா என்று கேட்கவில்லை. தம்பி மனைவி பையைத் தூக்கிக்கொடுத்தாள். மூடிய அறையை மூவரும் பார்க்காமல் பேசினார்கள். புடவைகள் பீரோவிலேயே இருந்தன.

போய்வருகிறேன் என்று அந்த அறை வாசலில் நின்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொல்லவில்லை. 'வந்துட்டேம்மா' என்று சொன்ன வாய் அது.

பஸ்ஸில் போனை எடுத்தாள். கணக்கைத் திறந்தாள். 'அம்மா' என்ற பக்கத்தை விரலால் அமுக்கிப் பிடித்தாள். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்ப்பதைப் போலிருந்தது. போனைத் திருப்பி வைத்துக்கொண்டு, 'ஆம்' என்பதை அமுக்கினாள்.

முகம் காந்தியது. ஊர் வந்துசேரும்வரை காந்தியது.

அடுத்த நாள் சாயங்காலம் அவளும் கணவரும் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வெளிச்சம் இன்னும் போகவில்லை. அடுத்த அறையில் மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா." அவன் குரல் லேசாக இருந்தது. "நீ போனதுலேர்ந்து இங்க ஒண்ணுமில்லக்கா. நேத்து ராத்திரி இவ நல்லா தூங்கினா. நானும்."

"அப்படியா."

"நீ வந்து நின்னல்ல. அதுலயே அம்மாவுக்கு..." நிறுத்தினான். அந்தச் சந்தோஷம் அவனுக்கே கூசியிருக்க வேண்டும். "சரிக்கா. வெக்கிறேன்."

"நல்லதுடா" என்றாள்.

அப்போதுதான் கவனித்தாள். டிவியில் பேசிக்கொண்டிருந்தவனின் குரல் நின்றிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

மூலையில் சிறிய எழுத்து.

'ஹெட்போன் இணைக்கப்பட்டுள்ளது.'

"நம்ம வீட்ல ஏது ஹெட்போன்?" என்றார் கணவர். ரிமோட்டைத் தேடினார். அது அவருக்கு எட்டாத தூரத்தில் மேஜைமேல் கிடந்தது. "நீ என்னத்தயாவது அமுக்குனியா?"

"நெட் ஸ்லோவா இருக்கும்" என்றாள்.

தேடும் கட்டம் திறந்தது. ஒரே ஒரு சொல் விழுந்தது. வீட்டில் அவளுக்கு இருந்த செல்லப் பெயர்.

'பாப்பா.'

கணவர் சிரித்தார். "உன்னத்தான் கூப்பிடுது போல. போய் என்னன்னு கேளு."

அவள் எழுந்திருக்கவில்லை.

ஒலிப்பட்டை ஏறத் தொடங்கியது.