‘ஏற்கிறேன்’ என்று அழுத்திய விரல்

திங்கட்கிழமை. காலை 6.05.

ஒரகடம் சிப்காட்டில் கார் கதவுகளுக்குக் கீல் செய்கிற தொழிற்சாலை அது. டிஸ்பாட்ச் அறையில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஆறும் ஒரே நேரத்தில் கையை விரித்துவிட்டன. சாம்பல் நிறத் திரையில் ஒரே அறிவிப்பு: ‘மின்மினி பிரவுசர் உங்களுக்குச் சொந்த உபயோகத்துக்காக மட்டும் இலவசமாக வழங்கப்பட்டது. உரிம நிபந்தனை மீறப்பட்டதால் நிறுத்தப்படுகிறது.’

பிரவுசர் இல்லாமல் கார் கம்பெனியின் இணையதளம் திறக்காது. அது திறக்காமல் கேட் பாஸ் அச்சாகாது. பாஸ் இல்லாமல் லாரி நகராது. ஏழு மணிக்குள் பதினோரு லாரிகள் உள்ரோட்டில் வால் நீட்டி நின்றன. டிரைவர்கள் இறங்கி டீ குடித்தார்கள். எட்டு மணிக்கு ஆபீஸ்காரர்களுக்கு வேர்த்துவிட்டது. எட்டரைக்குள் ஒரு பெயரைப் பிடித்துவிட்டார்கள்.

காலை 9.40. எச்.ஆர். அறை.

பெண் தொழிலாளியை விசாரித்தால் அறையில் இன்னொரு பெண் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அதற்காகத்தான் கேட்டிலிருந்து முனியம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பத்தேழு வயது, எட்டு வருஷமாக லேடி செக்யூரிட்டி. சுவரோரம் நின்றால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் எச்.ஆர். மேனேஜர் திருமலை. அவருக்கு வலப்பக்கம் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் அந்தோணிராஜ். இடப்பக்கம் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் வனமாமலை. எதிரே நாற்காலி நுனியில் பாண்டிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், மூன்று வருஷமாக டிஸ்பாட்ச் அறையில் கான்ட்ராக்ட். அடுத்த மாதம் நிரந்தரமாகக் கம்பெனி ரோலில் எடுக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. வேலை வாங்கிக் கொடுத்ததே ஊர்க்காரர் வனமாமலைதான்.

"பிரவுசர் கம்பெனி மெயில் போட்டிருக்கான்" என்றார் திருமலை. "மார்ச் பதினாலு, உன் பேரு, உன் போன் நம்பர். ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும், பொறுப்பு என்னுடையது’ன்னு ஏத்துக்கிட்டிருக்கே. அதை வெச்சு நம்ம கம்பெனியில ஏழு மெஷின்ல ஓட்டியிருக்கே. ஹெட் ஆபீஸ் போலீசுக்குப் போகலாம்னுது. நான்தான் வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கேன். இதுல கையெழுத்து போட்டுட்டு ஊருக்குப் போயிடு."

பாண்டிச்செல்வி தாளைத் தொடவில்லை.

"நான் அழுத்தல சார். அழுத்தாததுக்குக் கையெழுத்தும் போட மாட்டேன்."

"உன் போனுக்குத்தான் ஆறு இலக்க நம்பர் போயிருக்கு. மத்தியானம் 2.37. அதை அடிச்சு உறுதி பண்ணது 2.38. உன் போன் உன்கிட்டதானே இருக்கும்?"

"பிரவுசர் எப்ப வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது சார். ஒரு நாளு காலையில சிஸ்டத்துல இருந்துச்சு. எல்லாரும் திறந்தாவ, நானும் திறந்தேன்."

திருமலை அந்தோணிராஜ் பக்கம் திரும்பினார். "நீ போட்டியா?"

"உரிமம் இல்லாம போட வேணாம்னு சொன்னவன் நான் சார்" என்றார் அந்தோணிராஜ். "கார் கம்பெனி பழைய பிரவுசரை ஏத்துக்க மாட்டேன்னு சொன்னப்பவே மின்மினிதான் நல்லதுன்னு ஹெட் ஆபீசுக்கு எழுதினேன். கம்பெனி உபயோகத்துக்குத் தனி உரிமம் வாங்கணும். அதுல ஒரு நிபந்தனை, அவங்க ஆளு எப்ப வேணா வந்து நம்ம மெஷினைச் சோதிக்கலாம்னு. வக்கீலுங்க அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு மூணு மாசம் உட்கார்ந்துட்டாங்க. நடுவுல ஒரு நாள் பார்த்தா டிஸ்பாட்ச்ல ஓடிக்கினு இருக்கு. லாரி போவுது, நமக்கெதுக்குன்னு நானும் வாயை மூடிக்கினேன்."

வனமாமலை பெருமூச்சு விட்டார். "சின்னப் பிள்ள சார். ஏதோ ஆர்வத்துல எறக்கிருச்சு. ஏட்டி, போட்டுட்டுப் போ. அடுத்த கம்பெனியில நான் சொல்லி விடுதேன்."

"அண்ணாச்சி, நீங்களுமா?" என்றாள் அவள்.

"சார்" என்றாள் முனியம்மாள் சுவரோரத்திலிருந்து.

மூவரும் திரும்பினார்கள். சுவர் பேசியது போல் இருந்தது அவர்களுக்கு.

"அது போன் அதுகிட்ட எப்படி சார் இருக்கும்? கான்ட்ராக்ட் ஆளுங்க போனு கேட்டாண்டதான கீது? உங்க மாதிரி ஆபீசருங்க போனுதான் உள்ள போவும்."

திருமலையின் புருவம் ஏறியது. "அப்படின்னா விதியை மீறி நீதான் கொடுத்திருக்கே. உனக்கும் ஒரு லெட்டர் அடிக்கணும் போலிருக்கே, முனிம்மா."

"அடிங்க சார். ஆனா நான் ரிஜிஸ்டரை எடுத்தாந்து காட்டினப்புறம் அடிங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள வரேன்."

அவள் அனுமதி கேட்கவில்லை. பாண்டிச்செல்வியின் தோளைத் தொட்டு எழுப்பி, கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

காலை 11.15. கேட் கேபின்.

டிஸ்பாட்ச் அறை தொழிற்சாலையின் கடைசியில். அங்கிருந்து கேட்டுக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஏழு நிமிஷம். முனியம்மாள் நடந்து பார்த்து, சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டாள்.

கேபின் சுவரில் வரிசையாகக் கண்ணாடிப் பிளாஸ்டிக் பைகள், நம்பர் போட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு செல்போன். ஏதோ ஒரு பையில் செய்தி வந்து வெளிச்சம் அடித்தது. ‘மாமா, ரேஷன் வாங்கியாச்சு’ என்று வெளியிலிருந்தே படிக்க முடிந்தது.

முனியம்மாள் பழைய ரிஜிஸ்டர்களை இழுத்துப் போட்டாள். மார்ச் 14. பை எண் 31, பாண்டிச்செல்வி. வைத்தது காலை 5.50. எடுத்தது மாலை 6.40.

"ரெண்டரைக்கு ஷிப்டு முடிஞ்சுதே. ஏன் ஆறு நாப்பது?"

"ஓ.டி. அக்கா. லாரி எல்லாம் தேங்கிக் கெடந்துச்சு. திடீர்னு என்னைய மட்டும் இருக்கச் சொன்னாவ."

அப்போது வெளியூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். முனியம்மாள் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்ட, பக்கத்துப் பிரிண்டர் ரோஸ் நிறத்தில் ஒரு சீட்டைத் துப்பியது. விசிட்டர் சீட்டு. தொழிற்சாலையில் ரோஸ் காகிதம் அந்த ஒரு பிரிண்டரில்தான்.

ஜன்னலுக்கு வெளியே லாரி டிரைவர் மாரிமுத்து டீ கிளாசோடு எட்டிப் பார்த்தார். "எக்கா, பாஸ் இல்லாட்டியும் வண்டிய கேட்டு வரைக்கும் கொண்டாந்து நிறுத்தட்டா? இல்ல மார்ச் மாசம் மாதிரி கிழிப்பியா?"

"நீ செஞ்சது கொஞ்சமா? நாலு பஸ்ஸை மறிச்சுக்கினு நின்னே."

"நானா நின்னேன்? ‘பாஸ் கேட்டாண்டயே வரும், முன்னாடி போய் நில்லு’ன்னாங்க. நின்னேன். உன் வாய்ல விழணும்னு என் தலையெழுத்து."

முனியம்மாள் சிரிக்கவில்லை. அதே பக்கத்தில் கீழே விரலை ஓட்டினாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: ‘2.25 – மாரிமுத்து லாரி – பாஸ் இல்லை – பின்னால் எடுக்கச் சொன்னேன்.’ அடுத்த வரி: ‘2.50 – அதே லாரி – பாஸ் உண்டு – வெளியே.’ அன்றைக்குக் காலையிலிருந்து வெளியே போன முதல் லாரி அதுதான்.

அவள் தன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எட்டு வருஷமாக அதில் அவள் தொடுவது விசிட்டர் பெயர் அடிக்கும் பக்கத்தை மட்டும்தான். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பூச்சிப் படம். அது எப்போது வந்தது என்று அவள் கேட்டதே இல்லை. இப்போது அதை அழுத்தினாள். சாம்பல் நிறம். ‘நிறுத்தப்படுகிறது.’

பிறகு கேட் பாஸ் நகல்கள் கோத்த பைலைத் திறந்து, மார்ச் மாதத்துக்குப் போய், ஒரே ஒரு தாளை உருவினாள். அதன் நிறத்தையும் அடியில் இருந்ததையும் பார்த்தாள். மடித்து, ரிஜிஸ்டருக்குள் வைத்தாள்.

"யாரு, அக்கா?" என்றாள் பாண்டிச்செல்வி.

"வா. அவங்க எதிர்லயே கேட்டுக்க. நடுவுல அழுவக் கூடாது."

"நான் எதுக்கு அழணும்?"

"அப்படிச் சொல்லு."

மதியம் 1.50. எச்.ஆர். அறை.

"சார், டிஸ்பாட்ச்ல எத்தனை கம்ப்யூட்டர்?" என்றாள் முனியம்மாள். இந்த முறை அவள் சுவரோரம் நிற்கவில்லை.

"ஆறு" என்றார் அந்தோணிராஜ்.

"மெயில்ல எத்தனை போட்டுக்கீது?"

அந்தோணிராஜ் தாளைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "ஏழு."

"காலையிலேர்ந்து மூணு பேரும் அதை வெச்சுக்கினு கீறீங்க. ஏழாவது எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. என் கேபின்ல கீது சார். மொதல்ல போட்டதே அங்கதான்."

திருமலை நிமிர்ந்தார். "எப்படிச் சொல்றே?"

"நம்பர் 2.37க்குப் போனுக்கு வந்துது. 2.38க்கு அடிச்சாச்சு. போனு என் சுவத்துல தொங்குது. டிஸ்பாட்ச்லேர்ந்து அங்க ஏழு நிமிஷ நடை. அப்ப அடிச்ச ஆளு பையைப் பார்த்துக்கினே அடிச்சாகணும்."

"உள்ளேர்ந்து இவ இன்டர்காம்ல கேட்டிருக்கலாமே?"

"யாரைக் கேக்கறது? ரெண்டரையிலேர்ந்து கால் மணி நேரம் ஷிப்டு மாறுது. நான் பொண்ணுங்க பையைச் சோதிக்கற ரூம்ல. ஆம்பள செக்யூரிட்டி பஸ் பக்கம். கேபின்ல ஈ காக்கா இருக்காது. இது இங்க வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும். ஆனா ஷிப்டு முடிஞ்சவங்க மணி அடிச்சதுமே போனை எடுத்துக்கினு பூடுவாங்க. இந்தப் பொண்ணு போனு மட்டும் தொங்கணும்னா, இதை மட்டும் ஓ.டி.ல நிறுத்தி வைக்கணும்."

முனியம்மாள் ரிஜிஸ்டரைப் பிரித்துத் திருமலை பக்கம் திருப்பினாள்.

"2.25க்கு மாரிமுத்து லாரி பாஸ் இல்லாம கேட்டுக்கு வந்துது. நான் திட்டினேன். எழுதியும் வெச்சேன். பாஸ் கேட்டாண்ட வரும்னு அவனுக்கு யாரோ சொல்லிக்கீறாங்க. சார், அப்ப பிரவுசரே இன்னும் போடல. கம்பெனியில ஒரு பாஸ் அச்சாவ வழியில்லை. டிஸ்பாட்ச்ல அச்சாவற பாஸு கேட்டுல பொறக்கப் போவுதுன்னு பதிமூணு நிமிஷம் முன்னாடியே தெரிஞ்சவரு யாரு?"

அவள் மடித்த தாளைப் பிரித்து மேசையில் வைத்தாள். எல்லாக் கேட் பாஸும் வெள்ளை. அது ரோஸ். விசிட்டர் சீட்டுக் காகிதத்தில் அச்சான கேட் பாஸ். நேரம் 2.44. அடியில் சூப்பர்வைசர் கையெழுத்து.

"லாரியை அனுப்பற ஆளும், ஓ.டி. போடற ஆளும், கையெழுத்துப் போட்ட ஆளும் ஒருத்தருதான்" என்றாள் முனியம்மாள். "வனமாமலை சார், உங்க கையெழுத்துதான இது?"

வனமாமலை தாளைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் காலையிலதான் பழைய பிரவுசர் நின்னுச்சு. லைன் நிக்கப் போவுதுன்னு கார் கம்பெனியிலேருந்து பத்து போன் வந்துச்சு" என்றார் மெதுவாக. "வக்கீல்மாரு ஒரு பக்கத்த மூணு மாசமா படிச்சிட்டு இருக்காவ. நான் கம்பெனிய நிறுத்தவா முடியும்? கம்பெனிக்காகத்தான் செஞ்சேன். ஒரு ரூவா எடுக்கல."

"உங்க பேர்லயே போட்டிருக்கலாமே சார். போன் உங்க பாக்கெட்லயேதான இருந்துது?"

வனமாமலை சட்டைப் பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"நான் சொல்றேன். எல்லாரும் படிக்காம ‘ஏற்கிறேன்’னு அழுத்துவாங்க. இந்தக் கம்பெனியில அந்த நிபந்தனையைக் கடைசி வரைக்கும் படிச்ச ஒரே ஆளு நீங்கதான். ஏத்துக்கற ஆளு தலையிலதான் விடியும்னு அதுல போட்டிருந்துது. அதான் இது பேரு."

பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள்.

"அன்னைக்குச் சாயந்தரம் உங்ககிட்ட வந்து சொன்னேன் அண்ணாச்சி. போனுல ஏதோ நம்பர் வந்திருக்குன்னு. ‘வெளம்பரம்ளா, அழிச்சிரு’ன்னிய. ஊர்க்காரர்னு நெனச்சு அழிச்சேன்."

மதியம் 2.20.

திருமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. பத்தொன்பது வருஷம் சர்வீஸ் போட்ட மனுஷன். நாம இதைப் பெருசாக்க வேண்டாம். பாண்டிச்செல்வி, ‘தெரியாமல் நடந்த தவறு’ன்னு ரெண்டு வரி மட்டும் எழுதிக் கொடு. வேலை போகாது, நான் பார்த்துக்கறேன்."

"தவறு என்னது இல்லையே சார்."

"பேச்சுக்குத்தாம்மா."

"பேச்சுக்குன்னா நீங்க எழுதுங்க சார். நான் ஏத்துக்கலன்னு, என் பேரை யார் போட்டாவன்னு, பிரவுசர் கம்பெனிக்கும் ஹெட் ஆபீசுக்கும். நகல் எனக்கு. அது கைக்கு வராம நான் இந்த ரூமை விட்டுப் போவல."

திருமலை முனியம்மாளைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பது போல. முனியம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எட்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

2.40க்குப் பிரிண்டரிலிருந்து கடிதம் வந்தது. திருமலை அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "பெற்றுக்கொண்டேன்னு இங்க ஒரு கையெழுத்து. சீக்கிரம், பஸ் போயிடும்."

பாண்டிச்செல்வி படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கம் முடிந்தது. திருப்பினாள். வெளியே குன்றத்தூர் பஸ் ஹாரன் அடித்தது. அவள் விரல் நாலாவது பத்தியில் நின்றது.

"‘மேற்படி தொழிலாளி இது தொடர்பாக எதிர்காலத்தில் எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டார்.’ இது யார் கேட்டா சார்?"

"அது வழக்கமா எல்லா லெட்டர்லயும் போடறதும்மா."

"எடுத்துருங்க."

திருமலை அவளைப் பார்த்தார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மீண்டும் ஹாரன், இந்த முறை நீளமாக. மேசையில் இருந்த இன்டர்காம் அடித்தது. கேட்டிலிருந்து. முனியம்மாள் யாரையும் கேட்காமல் கையை நீட்டி எடுத்தாள்.

"கேட்டைத் திறக்காத. பஸ்ஸு நிக்கட்டும்" என்றாள். "இங்க ஒரு பொண்ணு படிச்சிக்கினு கீது."