மத்தியானத்துக் காலித் தொட்டி

காலையில காபிகூட குடிக்காம, மாமியார் கோழிக் கொட்டகைச் சாவிய எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டாங்க. "இனிமே தீவனம் நான் போடறேன். நீ அடுப்பப் பாரு"ன்னு மருமக முகத்தக்கூட பாக்காம சொல்லிட்டு நடந்துட்டாங்க. பால் பாத்திரத்தோட அவ அப்படியே நின்னா...

விஷயம் இதுதான். முந்தின நாள் மத்தியானம் மாமியார் கொட்டகையில எட்டிப் பாத்தா, தொட்டியெல்லாம் காலி. கோழிங்க அத்தனையும் கழுத்த நீட்டிக்கிட்டு ஒரே கூப்பாடு. தீவன விலையும் ஏறிக் கெடக்கா, மருமக வாயில்லா ஜீவனப் பட்டினி போட்டு மிச்சம் பிடிக்கறான்னு முடிவே கட்டிட்டாங்க. அவ என்னமோ சொல்ல வந்தா. "புள்ள பெத்தவதானே நீ? பசி தெரியாதா?"ன்னு கேட்டதும் பாதியிலயே திரும்பி அடுப்படிக்குப் போயிட்டா. தையல் மெஷின வித்து அந்தக் கோழிங்கள குஞ்சா வாங்கினவ அவ. அவளப் போய்...

புருஷன்காரன் இருக்கானே, அம்மா பேசினா அம்மாவுக்குத் தலையாட்டுவான், பொண்டாட்டி அழுதா அவளுக்கும் ஆட்டுவான்.

மாமியார் விருந்தாளிக்குப் போடற மாதிரி தொட்டி நெறையக் கொட்டினாங்க. கோழிங்க லேசுப்பட்டதா? மக்காச்சோள நொறுக்க மட்டும் பொறுக்கித் தின்னுட்டு, அடியில இருக்கற பொடிய விட்டுடுச்சுங்க. மாமியார் அத அழுக்குன்னு வழிச்சுக் கொட்டிட்டு மறுபடி புதுசு போடுவாங்க. முட்டை ஓட்டுக்கு பலம் குடுக்கற கிளிஞ்சல் தூளெல்லாம் அந்தப் பொடியிலதான் இருக்கு. அத்தனையும் குப்பைக்குப் போச்சு.

மூட்டை மூட்டையா தீவனம் காலி. முட்டை ஓடோ காகிதம் மாதிரி ஆயிடுச்சு, தொட்டா உடையுது. முட்டை வாங்கற கடைக்காரர் அட்டையோட திருப்பி அனுப்பிட்டார். புருஷனோட தம்பி, சின்னவன், ஓயாம பேசுவான், வீட்டுல அவனுக்குப் பேரே ரேடியோ. அவனே அன்னைக்கு சுருக்கமா முடிச்சுட்டான். தீவனச் செலவுக்கு முட்டை கட்டுப்படியாகலையாம், கறிக்கடைக்காரர அடுத்த வாரம் வரச் சொல்லிட்டானாம், மொத்தக் கோழியும் போகட்டுமாம்.

அதக் கேட்டதும் மருமக எந்திரிச்சா. நேரா கொட்டகைக்குப் போயி தீவன மூட்டை மேல ஏறி உக்காந்துட்டா.

"மத்தியானம் முடியற வரைக்கும் யாரும் தொட்டியத் தொடக்கூடாது. என்னை எப்படி வேணா திட்டிக்கோங்க அத்தே. என் கோழிங்கள கறிக்கு விடமாட்டேன்."

மேலாக்க இருந்தது தீந்ததும் கோழிங்க ஊரக் கூட்டுச்சுங்க. மாமியாருக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கொஞ்ச நேரந்தான்... கத்தி அலுத்துப்போயி ஒவ்வொண்ணா தலையத் தொட்டிக்குள்ள விட்டுதுங்க. ஒதுக்கி வெச்ச பொடியெல்லாம் வழிச்சுத் தின்னு, தொட்டி கழுவி வெச்ச தட்டு மாதிரி ஆயிடுச்சு. உடனே அவ எறங்கிப் புதுத் தீவனம் போட்டா.

"இதத்தான் தெனம் பண்ணிட்டிருந்தியா?"

"ஆமா அத்தே. காயத் தள்ளி வெக்கற புள்ளகிட்ட, அத முடி, அப்பறம் அடுத்ததுன்னு சொல்றதில்லையா... அதேதான்."

மாமியார் இடுப்புலேர்ந்து சாவிய உருவி அவகிட்ட நீட்டினாங்க. மறுநாள்லேர்ந்து கொட்டகை பழையபடி மருமக கைக்கு வந்துடுச்சு.

அடுத்த வாரம் மாமியார் வாணலி விளிம்புல ஒரு முட்டையத் தட்டினாங்க. உடையல. இன்னும் ஓங்கித் தட்டினாங்க, அப்பத்தான் உடைஞ்சுது. "ஏண்டி, இது என் வாயவிட கெட்டியா இருக்கேடி"ன்னு சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. "புள்ள பெத்தவதானான்னு கேட்டுட்டேனே உன்னை..."

"அத்தே, கையெல்லாம் முட்டை."

"இருக்கட்டும்டி"ன்னு அந்தக் கையோடயே கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. மருமக தலைமுடியெல்லாம் மஞ்சக்கரு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கல.

அந்த நேரம் பாத்து வாசல்ல ஹாரன் சத்தம். கறிக்கடைக்காரர் வெறுங்கூண்டா அடுக்கிக்கிட்டு வந்து நிக்கறார். மாமியார் கைய தொடைச்சுக்கிட்டு வெளிய போனாங்க. ரேடியோவுக்கே நடுவுல ஒரு வார்த்தை பேச வாய்ப்பு கெடைக்கல, அப்படிப் பேசினாங்க. கோழி ஏத்த வந்த மனுஷன், கூண்டுக்குள்ள முட்டை அட்டையா அடுக்கிக்கிட்டு, மேடு பள்ளம் பாத்து பதவிசா வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனார்.