பூஜ்ஜியங்களுக்கு நடுவே ஒரு வரி

அழிந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி நின்றுகொண்டிருந்தது.

அஸ்வினி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனம் ஆபீஸில் அவளைத் தவிர யாருமில்லை. வெளியே பட்டப்பகலிலும் மழை இருட்டு, ஏசியிலிருந்து ஈரச் சாக்கு நாற்றம், எங்கோ ஒரு ஜன்னல் கொக்கி விட்டுவிட்டு அடித்துக்கொள்ளும் சத்தம். கடவுச்சொல்லிலிருந்து ஒரு சாவியை உருவாக்கி ஃபைலைப் பூட்டும் மென்பொருள் ஒன்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் சொல்லையும் சாவியையும் மெமரியிலிருந்து சுவடில்லாமல் துடைத்துவிட வேண்டும். மிச்சம் வெறும் பூஜ்ஜியங்கள். துடைக்கிறதா என்று சோதிப்பது அஸ்வினியின் வேலை. எழுதியவள் கலையரசி. அஸ்வினிக்குப் பின்னால் சேர்ந்தவள், அவளிடமே வேலை கற்றவள். சோதனையில் தேறினால் நாளை முதல் டீம் லீடர்.

தேடிப் பிடிக்கச் சுலபமாக, வேறெங்கும் இல்லாத சொல்லைத்தான் சோதனைக்குக் கொடுப்பார்கள். வயிற்றெரிச்சலில் அஸ்வினி கொடுத்திருந்தாள்: ‘கலை ஒழியணும்’.

அதுதான் அழியவில்லை. மாட்டினாள்! உள்ளுக்குள் இனித்தது. உறுதிசெய்துகொள்ள மறுபடி ஓட்டினாள்.

‘கலை ஒழியணும். அவ விக்கிரவாண்டி தாண்டிட்டா.’

இரண்டாவது வாக்கியத்தை அவள் அடிக்கவில்லை.

போன் அதிர்ந்தது. கலையரசி.

“அக்கா, பாஸா ஃபெயிலா? விழுப்புரத்துலேர்ந்து வந்துக்கினே இருக்கேன். உனக்கு அவிச்ச மல்லாட்டை வாங்கியிருக்கேன், தோலை உரிச்சுக் கொறிக்கலாம்.”

“இந்த மழையில எதுக்குடி வர்றே?”

“நீ ஒண்டியா லோல்படுறியேன்னுதான். ஆனா ஒரே பேஜாரா கீதுக்கா. விக்கிரவாண்டி டோல்கேட்டுலேர்ந்து ஸ்கூட்டி கனக்குது. பின்னாடி யாரோ குந்திக்கினு வர்ற மாதிரி. திரும்பிப் பார்த்தா யாருமில்ல.”

நில்லுடி, ஓரங்கட்டு. வார்த்தை தொண்டைவரை வந்தது. நாளை டீம் லீடர் இடத்தில் யார் உட்காருவது என்ற நினைப்பும் கூடவே வந்தது. ஒரே ஒரு மூச்சு, அஸ்வினி பேசாமல் இருந்தாள்.

லைன் அறுந்தது.

திரையில் வரி தானாக நீண்டது.

‘கூட்டேரிப்பட்டு. எதிர்ல லாரி.’

ஐயோ. அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். மறுபடி. மறுபடி.

பூஜ்ஜியம். திரை முழுக்கப் பூஜ்ஜியம். ஓர் எழுத்து மிச்சமில்லை. கலையரசி எழுதியதில் பிழையே இல்லை. அந்த நேரத்திலும் அது சுருக்கென்று தைத்தது.

போன்.

“அக்கா! லாரி மயிரிழையில போச்சு. ஓரமா நின்னுட்டேன். இப்போ பாரம் எறங்கிடுச்சுக்கா. வண்டி லேசா கீது. அக்கா? கேக்குதா?”

கதவு சாத்தித்தான் இருந்தது. கொக்கிச் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

அஸ்வினி அசையவில்லை. அவளுடைய சுழல் நாற்காலி மட்டும், புஸ்ஸென்று, மெதுவாகக் கீழே இறங்கியது.

இன்னும் இறங்கியது.

மழையில் நனைந்த கனம் ஒன்று மடியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.